யானை குடித்த ஆழம்

காட்டில் இருந்த உயிர்களும் கரையில் இருந்த மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. முயல் வந்து வழி கேட்கும். காக்கை கூரையில் உட்கார்ந்து அக்கரைச் செய்தி சொல்லும். அந்தக் காலத்தில் கம்பீரம் என்ற சொல்லை யாரும் வீட்டுக்குள் சொல்ல மாட்டார்கள்.

அது பரிசல்காரர்களின் சொல். மலையிலிருந்து இறங்கி வரும் ஆற்றில் பரிசல் தள்ளுகிறவர்கள் மூங்கில் கழியை ஊன்றிப் பார்த்துக்கொண்டே போவார்கள். கழி மண்ணில் பட்டால் "தரை" என்று குரல் கொடுப்பார்கள். கழி முழுக்க இறங்கி, பிடித்திருக்கும் கையும் நனைந்து, அப்போதும் அடியில் எதுவும் தட்டுப்படவில்லை என்றால் "கம்பீரம்" என்பார்கள். அடி தெரியாத ஆழம் என்று பொருள். அதைக் கேட்டதும் பரிசலில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை மடிக்கு இழுத்துக்கொள்வார்கள். ஒரு கல்யாண வீட்டில் வாய் தவறி அந்தச் சொல்லைச் சொன்ன ஆளைப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

யானையும் அப்போது இப்போதிருக்கிற யானை இல்லை. உடம்பு இதே உடம்புதான். தும்பிக்கையும் காதும் தந்தமும் எல்லாம் இதேதான். குரல்தான் வேறு. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அணில் கீச்சிடுவது போல ஒரு சன்னக் குரல் வரும். ஓயாமல் பேசும். பேசுகிறபோதே சருகு அசைந்தால் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஓடிப்போய் மரத்தில் மோதி, மரத்திடமே மன்னிப்புக் கேட்கும். யானை வருகிறது என்று தெரிந்தால் ஜனங்கள் சிரிப்பதற்குத் தயாராக நிற்பார்கள்.

மலையடிவாரத்தில் ஆறு திரும்புகிற இடத்தில் ஒரு துறை இருந்தது. துறைக்குக் கொஞ்சம் மேலே, வளைவுக்குள், தண்ணீர் கருத்துக் கிடக்கும். அங்கே அலை இருக்காது. மேலே பறக்கிற கொக்கின் நிழல்கூட அதில் விழாது என்பார்கள். எந்தப் பரிசல்காரனின் கழியும் அங்கே தரையைத் தொட்டதில்லை. அந்த இடத்துக்கு ஊரார் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் கூப்பிட்டது போல ஆகிவிடும் என்று, "அங்கே" என்று மட்டும் சொல்வார்கள்.

அந்தத் துறையில் கோடன் என்பவன் பரிசல் ஓட்டினான். வீட்டில் அவன் தாய் சேந்தியும் மனைவி எயினியும் இருந்தார்கள். கோடன் அதிகம் பேசாதவன். காலையில் எழுந்ததும், "அம்மா, கஞ்சி ஆறிடுச்சா?" என்று கேட்பான். சூடு அவனுக்கு ஆகாது. ஆறிய கஞ்சியை நின்றபடியே குடித்துவிட்டுத் துறைக்குப் போவான். சாயங்காலம் திரும்பி வரும்போது கரையில் நின்று, "எயினி, கயித்தை வாங்கு" என்பான். அவள் கயிற்றை வாங்கிக் கட்டுவாள். இருவருக்கும் பெரும்பாலான நாள் பேச்சு அவ்வளவுதான். அதுவே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

ஒரு கோடையில் பொத்தன் என்கிற ஆட்டுக்காரன் அக்கரை மேய்ச்சலுக்குக் குட்டிகளை ஏற்றிக்கொண்டு போனான். பரிசல் வளைவைத் தாண்டுகிறபோது ஒரு குட்டி துள்ளித் தண்ணீரில் விழுந்தது. பொத்தன் அலறினான். கோடன் கழியை அவன் கையில் கொடுத்துவிட்டுக் குதித்தான். குட்டி தானாகவே நீந்திக் கரையேறி உடம்பை உதறிக்கொண்டது. கோடன் மேலே வரவில்லை.

மறுநாள் காலையில் கீழே மணல்திட்டில் அவன் உடம்பு ஒதுங்கியிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது, யாரையோ கூப்பிட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியவன் போல. சேந்தி அந்த வாயை மூடப் பார்த்தாள். மூட முடியவில்லை. அப்படியே புதைத்தார்கள்.

அதன்பிறகு எயினி கழியை எடுத்தாள். துறைக்கு ஓர் ஆள் வேண்டும், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். வளைவுப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு பரிசலைத் தள்ளினாள். பொத்தன் அவளைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வான். ஒருநாள் அவள் அவனிடம், "குட்டி நல்லா இருக்கா?" என்று கேட்டாள். "நல்லா இருக்கு" என்றான். "அப்ப போதும்" என்றாள்.

மழை வராமலே கோடை நீண்டது. ஒருநாள் உச்சிவெயிலில் எயினி பரிசலைக் கவிழ்த்து அதன் அடித்தோலுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தாள். சேந்தி ஓடி வந்தாள். அந்த வயதில் அவள் ஓடி எயினி பார்த்ததில்லை.

"எயினி, கோடன் கூப்பிடறான்."

"அத்தை, வெயில்ல ஏன் வந்தீங்க? உட்காருங்க."

"வா நீ. வந்து கேளு."

வளைவுக்கு மேலே இருந்த பாறையில் இருவரும் நின்றார்கள். கருத்த தண்ணீர் அசையாமல் கிடந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீருக்கு அடியிலிருந்து, வாயில் துணி அடைத்தது போல, ஆனால் தெளிவாக ஒரு குரல் வந்தது.

"அம்மா, கஞ்சி ஆறிடுச்சா?"

அது கோடனின் குரல். 'ஆறிடுச்சா'வில் அவன் இழுக்கிற இழுப்புகூட அப்படியே இருந்தது. சேந்தி வாயைத் திறந்தாள். எயினி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். 'அங்கே'யிருந்து எது கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. இதற்குமுன் எதுவும் கேட்டதில்லை.

"பேச வேணாம் அத்தை. கேட்டுட்டுப் போயிடலாம்."

இப்படித்தான் ஆரம்பித்தது. அன்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். மறுநாள் உச்சிவேளையில் அழைக்காமலே இருவரும் போனார்கள். "எயினி, கயித்தை வாங்கு" என்றது குரல். எயினியின் கை தானாக நீண்டது. அதை அவள் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அதற்கடுத்த நாள், முன்பு அவளும் கோடனும் தனியாக இருந்தபோது அவன் அவளிடம் சொன்ன ஒரு சொல்லை அந்தக் குரல் சொன்னது. சேந்தி பக்கத்தில் இருந்ததால் எயினி வெட்கப்பட்டாள். வீடு திரும்பியபிறகுதான் வெட்கம் போய்ப் பயம் வந்தது. ஆனாலும் அடுத்த நாள் போனாள்.

செய்தி ஊருக்குத் தெரிந்தது. தடுக்க வந்தவர்கள் பாறையில் நின்று கேட்டார்கள். கேட்ட பிறகு தடுக்கவில்லை. ஒருத்தி தன் இறந்த குழந்தை அங்கே அழுவதாகச் சொன்னாள். ஒருவனுக்கு அவன் தகப்பனின் இருமல் கேட்டது. பொத்தனுக்குப் பிரசவத்தில் போன மனைவியின் சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆடுகளை அவிழ்த்துவிட மறந்தான். பட்டியில் அவை கத்திக்கொண்டே இருந்தன.

கொஞ்ச நாளில் உச்சிவேளை வந்தால் ஊரில் யாரும் இருக்க மாட்டார்கள். அடுப்புகள் அணைந்து கிடக்கும். தொட்டிலில் குழந்தைகள் அழுது அழுது தாமே ஓயும். எல்லோரும் வளைவைச் சுற்றி உட்கார்ந்து, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். ஒருவர் கேட்பது மற்றவருக்குக் கேட்காது.

மழை இல்லாத கோடையில் ஆறு இளைத்துக்கொண்டே போனது. 'அங்கே' மட்டும் தண்ணீர் ஏறியது. முந்தின நாள் உட்கார்ந்த மணல் மறுநாள் நனைந்திருக்கும். ஆட்கள் எழுந்து பின்னால் போகவில்லை. நனைந்த மணலிலேயே உட்கார்ந்தார்கள். பிறகு தண்ணீரில் பாதம் படும்படி உட்கார்ந்தார்கள். பிறகு முழங்கால்.

அப்போதுதான் உம்பல் வந்தது. மேற்கு மலையில் புல்லும் சுனையும் காய்ந்துபோனதால் தண்ணீர் தேடித் தன் கூட்டத்துக்கு முன்னால் வந்த இளம் ஆண் யானை அது. அது குட்டியாக இருந்ததிலிருந்தே எயினிக்கு அதைத் தெரியும். அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். வழக்கமாக அது வரும்போதே பாதி ஊர் கூடிச் சிரிக்கும். அன்று ஊருக்குள் வந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. நாய்கள் மட்டும் கூரை நிழலில் வாலைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு படுத்திருந்தன. உம்பல் தேடிக்கொண்டே வளைவுக்கு வந்தது.

"எயினியக்கா, என்ன எல்லாரும் தண்ணியில உட்கார்ந்திருக்கீங்க? ஏன் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கல? இந்தத் தண்ணி ஏன் இப்படி நாறுது?" என்று சன்னக் குரலில் அடுக்கிக்கொண்டே போனது.

எயினி திரும்பாமல் கையை மட்டும் காட்டினாள். பேசாதே என்று.

உம்பல் பேசாமல் நின்று பழக்கப்பட்டதில்லை. ஆனாலும் அன்று நின்றது. நின்றபோது அதன் பெரிய காதுகள் மெல்ல விரிந்தன. கொஞ்ச நேரத்தில் அதன் உடம்பு முழுவதும் நடுங்க ஆரம்பித்தது.

"அக்கா, இங்க வாங்க. இந்தப் பக்கம் வாங்க" என்று எயினியின் தோளைத் தும்பிக்கையால் பிடித்துப் பாறை மறைவுக்கு இழுத்தது.

"விடு உம்பல். அவரு பேசறாரு."

"யாரு பேசறது?"

"என் வீட்டுக்காரரு. அத்தைக்கும் கேக்குது. பொத்தனுக்கு அவன் பொண்டாட்டி கேக்குது. உனக்குக் கேக்கல?"

"கேக்குது" என்றது உம்பல். "எங்கம்மா கேக்குது. பாறை உருண்டு செத்துப்போன எங்கம்மா. ஆனா அது எங்கம்மா இல்லக்கா. என் காது பெரிய காது. அதுக்கும் அடியில என்ன இருக்குன்னு கேக்குது. கீழ நிறையப் பேர் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுக்குன்னு சொந்தமா ஒரு பேச்சு கிடையாது. நம்ம ஆளுங்க பேச்சை எடுத்து எடுத்துப் போடுது."

"பொய் சொல்லாத."

"பொய்யா இருந்தா நல்லா இருக்கும். நான் இப்ப ஓடப் போறேன். நீங்களும் வாங்க."

எயினிக்குக் கோபம் வந்தது. அதன் தும்பிக்கையைத் தட்டிவிட்டுத் திரும்பப் போனாள். போகிற வழியில், உம்பல் சொன்னதை நம்பாமலே, ஒன்றை யோசித்தாள். இத்தனை நாளில் கோடன் புதிதாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. கஞ்சி, கயிறு, அந்த ஒரு சொல். உயிரோடு இருந்தபோது சொன்னவைதான். ஒருநாள்கூட, பரிசலுக்கு மெழுகு பூசினாயா என்று அவன் கேட்கவில்லை.

அவள் பாறையைச் சுற்றி வந்தபோது சேந்தி எழுந்து நின்றிருந்தாள். தண்ணீர் அவள் இடுப்பளவு இருந்தது.

"ஆறிடுச்சுடா" என்று சேந்தி சொன்னாள். "அப்பவே ஆறிடுச்சு. நீதான் வரல."

பதில் சொல்லிவிட்டாள்.

தண்ணீர் ஒருமுறை மேலேறி இறங்கியது, உறங்குகிற ஆளின் வயிறு போல. பிறகு கோடனின் குரல் வந்தது. இந்த முறை துணி அடைத்தது போல இல்லை. பக்கத்தில் நின்று பேசுவது போல இருந்தது.

"இறங்கி வா அம்மா. எயினியையும் கூட்டிட்டு வா. பரிசல் வேணாம். நடந்தே வரலாம்."

எயினி அப்படியே நின்றுவிட்டாள். பரிசல் வேண்டாம் என்று கோடன் சொல்ல மாட்டான். முழங்கால் தண்ணீரில்கூடத் தாயை நடக்க விடாதவன் அவன். அது கோடன் இல்லை என்று அந்தக் கணத்தில் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நாள் எதன் எதிரில் உட்கார்ந்து அழுதோம் என்று அப்போதுதான் நினைத்தாள்.

சேந்தி நடந்தாள். எயினி தண்ணீரில் பாய்ந்து அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். "அத்தை, அது அவரு இல்ல. அத்தை, என்னைப் பாருங்க." சேந்தி பார்க்கவில்லை. எலும்பும் தோலுமான அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, எயினியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனாள். கரையெல்லாம் ஆட்கள் எழுந்தார்கள். பொத்தன் சிரித்தபடி முன்னால் அடி வைத்தான். குழந்தையை இழந்தவள் கைகளை ஏந்திக்கொண்டு இறங்கினாள். யாரும் அவசரப்படவில்லை. வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் போல நிதானமாக இறங்கினார்கள்.

எயினி திரும்பிப் பார்த்தாள். உம்பல் மரங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கமும் தூக்கிய வாலும்தான் தெரிந்தன.

"உம்பல்" என்று கூப்பிட்டாள். அது நிற்கவில்லை. "உம்பல், எனக்குக் கால் நிக்கல."

அது நின்றது. ஏன் நின்றது என்று அதற்கே தெரிந்திருக்காது. அதுவரை யாரும் அதை உதவிக்குக் கூப்பிட்டதில்லை. வேடிக்கைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் மரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு நடுங்கியபடி நின்றது. பிறகு திரும்பி வந்தது. ஓடி வரவில்லை. ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்தது. பயத்தில் அதற்கு ஓட வரவில்லை.

தண்ணீரில் இறங்கி, எயினியைத் தாண்டி, சேந்தியைத் தாண்டி, முன்னால் போய்க் குறுக்கே நின்றது. சேந்தி அதன் விலாவில் முட்டி நின்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து அந்த உடம்பில் முட்டி நின்றார்கள். அதற்கு அப்பால்தான் ஆழம் ஆரம்பித்தது.

"அக்கா, கீழ எங்கம்மா கூப்பிடுது" என்றது உம்பல். "நான் குட்டியா இருந்தப்ப கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுது."

"பதில் சொல்லாத."

"சொல்லலன்னா இப்படியே கூப்பிட்டுட்டே இருக்கும். நாளைக்கும் கூப்பிடும். என்னால எத்தனை நாள் குறுக்க நிக்க முடியும்?"

எயினி சேந்தியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"இது தண்ணிதானே" என்று உம்பல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. "தண்ணியைக் குடிக்கத்தானே வந்தேன்."

தும்பிக்கையை ஆழத்துக்குள் விட்டது. கழி தொடாத இடம்வரை விட்டது. பிறகு உறிஞ்சியது.

அது எவ்வளவு நேரம் நடந்தது என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. தண்ணீர் இறங்குவது தெரிந்தது. குரல்களும் இறங்கின. முதலில் பொத்தனின் மனைவி சிரிப்பது நின்றது. குழந்தை அழுவது நின்றது. இருமல் நின்றது. "எயினி" என்று கோடன் ஒருமுறை கூப்பிட்டான். வெறும் பெயரை மட்டும். அது கோடன் இல்லை என்று தெரிந்தும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், இரத்தம் வரும்வரை. அதுவும் தும்பிக்கைக்குள் போனது. கடைசியாகப் பேச்சே இல்லாத ஒன்று, அந்தக் குரல்களுக்கெல்லாம் அடியில் இருந்தது, மெல்ல ஏறி வந்தது. உம்பலின் வயிறு அதிர்ந்தது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. முன்கால்கள் மடிந்தன. பிறகு தும்பிக்கையை வாய்க்குள் விட்டு, எல்லாவற்றையும் உள்ளே ஊதி, வாயை மூடிக்கொண்டது.

வளைவில் அதற்குப் பிறகு சாதாரண ஆற்றுத் தண்ணீர்தான் இருந்தது. முழங்காலுக்கு மேல் இல்லை. அடியில் மணலும் கூழாங்கல்லும் தெரிந்தன. சேந்தி கண் விழித்தவள் போலச் சுற்றிப் பார்த்து, தண்ணீரில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ஆட்கள் தங்கள் நனைந்த துணியைப் பார்த்தார்கள். தூரத்தில் ஊருக்குள் ஒரு குழந்தை அழுவது கேட்டது. உயிரோடிருக்கிற குழந்தை. ஒருத்தி எழுந்து அதை நோக்கி ஓடினாள்.

எயினி உம்பலிடம் போனாள். அது அசையாமல் நின்றிருந்தது.

"உம்பல், எப்படி இருக்க? ஏதாவது பேசு."

உம்பல் அவளைப் பார்த்தது. பேச வாயைத் திறக்கப் போனது. அப்போது அதன் தொண்டைக்குள்ளிருந்து, மிக மெல்லியதாக, "அம்மா, கஞ்சி" என்று ஒரு குரல் வெளியே வரப் பார்த்தது. சேந்தி சட்டென்று தலையை நிமிர்த்தினாள். உம்பல் வாயை மூடிக்கொண்டது.

எயினிக்குப் புரிந்தது. அது ஒரு வார்த்தை பேசினாலும், அந்த வார்த்தையோடு உள்ளே இருப்பதும் வெளியே வந்துவிடும். உம்பலுக்கும் புரிந்தது. எவ்வளவு பேச்சுப் பேசிய யானை அது. அதன் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கியது. எயினி அதன் தும்பிக்கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"பேச வேணாம்" என்றாள். "இனிமே பேச வேணாம்டா."

உம்பல் திரும்பிக் கரையேறியது. முன்பு போலத் தடுமாறிக்கொண்டு போகவில்லை. உள்ளே இருப்பது தளும்பிவிடாதபடி, ஒரு காலை ஊன்றி, அது பதிந்த பிறகு அடுத்த காலை எடுத்து, மெல்லப் போனது. அதன் எதிரில் ஒரு காய்ந்த கிளை படாரென்று முறிந்து விழுந்தது. ஜனங்கள் வழக்கப்படி அது ஓடும் என்று பார்த்தார்கள். உம்பல் கிளையைப் பார்த்துவிட்டு அதைச் சுற்றிக்கொண்டு நடந்தது. இத்தனையைச் சுமக்கிற ஒன்றுக்கு வெளியே பயப்பட எதுவும் மிச்சமில்லை.

கரைமேட்டில் நின்று, வாயைத் திறக்காமலே, ஒரு குரல் கொடுத்தது. அதைக் குரல் என்று சொல்ல முடியாது. காதில் எதுவும் விழவில்லை. கவிழ்த்து வைத்திருந்த பரிசலின் தோல் அதிர்ந்தது. மணலில் சின்னச் சின்ன வளையங்கள் விழுந்தன. கரையில் நின்ற ஒவ்வொருவருக்கும் நெஞ்சுக் கூட்டுக்குள் ஏதோ ஒன்று கீழே, கீழே, அடி இல்லாமல் இறங்கியது. உட்கார்ந்திருந்தவர்கள் ஏன் என்று தெரியாமலே எழுந்து நின்றார்கள். சிரிக்கிற வழக்கம் யாருக்கும் நினைவு வரவில்லை.

எயினிக்கு அந்த உணர்வு பழக்கமானது. கழி முழுக்க இறங்கி, கை நனைந்து, அடியில் எதுவும் படாதபோது வருகிற அதே உணர்வு. அவளுக்கு அதற்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும்.

"கம்பீரம்" என்றாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். கெட்ட சொல் அது. ஆனால் மேட்டில் நிற்கும் அந்த உருவத்தைப் பார்த்தபோது வேறு சொல் யாருக்கும் வாயில் வரவில்லை. "ஆமா" என்றான் பொத்தன். "கம்பீரம்." தண்ணீரில் உட்கார்ந்திருந்த சேந்தியும் முணுமுணுத்தாள்.

சில நாள் கழித்து உம்பலின் கூட்டம் மலையிலிருந்து இறங்கி வந்தது. உம்பல் இளைத்துப்போயிருந்தது. ஓர் உடம்பு தாங்குகிற பாரம் இல்லை அது. கூட்டத்தில் மூத்த பெண் யானை அதன் அருகே வந்து, கொஞ்ச நேரம் முகர்ந்து பார்த்து, ஒன்றும் கேட்காமல் தன் வாயைத் திறந்தது. உம்பல் தும்பிக்கையை அதன் வாய்க்குள் வைத்து, உள்ளே இருந்ததில் கொஞ்சம் கொடுத்தது. பிறகு இன்னொன்று வந்தது. பிறகு இன்னொன்று. கொடுத்து முடிந்தபோது அந்தக் கூட்டத்தில் பேசுகிற யானை ஒன்றுகூட இல்லை. அவை வேறு கூட்டங்களைக் கண்டன, அவற்றுக்கும் கொடுத்தன. இன்றும் இரண்டு யானைகள் சந்தித்தால் ஒன்றின் வாயில் மற்றது தும்பிக்கையை வைக்கிறது. பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

ஒவ்வொரு கோடையிலும் உம்பல் துறைக்கு வந்தது. சேந்தி தடி ஊன்றிக்கொண்டு போய் அதன் முன்னால் நிற்பாள். அது வாயைத் திறக்காமல் குரல் கொடுக்கும். ஒருநாள் எயினி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அத்தை, அதுல அவரு கேக்கறாரா?"

சேந்தி தடியில் சாய்ந்துகொண்டாள்.

"பேச்சு ஒண்ணும் இல்ல" என்றாள். "அவன் இல்ல அது, எனக்குத் தெரியும். ஆனா அது நின்னுட்டுப் போன பிறகு எனக்குத் தூக்கம் வருது."

அந்தச் சொல் மெல்ல ஆற்றைவிட்டு ஊருக்குள் வந்தது. முதலில் யானையைச் சொன்னார்கள். பிறகு, சபைக்குள் நுழைந்ததும் எல்லோரும் அறியாமல் எழுந்து நிற்கும்படியான ஆளைச் சொன்னார்கள். நெஞ்சில் போய் இறங்குகிற குரலைச் சொன்னார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்தே சொன்னார்கள். அதற்குப் பொருள் ஆழம் என்பது மறந்துபோயிற்று.

காட்டில் ஒரு யானைக் கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும். திடீரென்று எல்லாம் ஒன்றாக நின்றுவிடும். தும்பிக்கை பாதி தூக்கியபடி, வாயில் புல் இருக்க, காது அசையாமல் நிற்கும். காற்று வீசவில்லை, புலி வரவில்லை, சுற்றிலும் ஒன்றுமில்லை. உள்ளே இருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். யானை பதில் சொல்லாமல் நிற்கிறது. உம்பல் அந்த வளைவைக் குடித்த உச்சிவேளைக்குப் பிறகுதான் யானை அப்படி நிற்கத் தொடங்கியது. அந்த நிலையைத்தான் நாம் கம்பீரம் என்கிறோம்.